மெதுவாக ஓடிய பெட்டி

எங்கள் ஆபீஸ் அக்காவிடம் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி வரும். "எதுக்கு? எது வரைக்கும்?" பேனா கேட்டால்கூட இதே கேள்விதான். கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி வாங்கிவிட்டு, அதே பேனாவால் காதைக் குடைய நான் தயாரானபோது, விரலிடுக்கிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டார். முகத்தில் கோபம் கிடையாது. கையெழுத்து முடிந்துவிட்டது, பேனா திரும்பிவிட்டது, அவ்வளவுதான் அவருக்கு.

ஒருநாள் அவருடைய ஸ்கூட்டரைக் கேட்டேன். மதுரை பஸ்ஸில் ஒரு பார்சல் ஏற்றிவிட வேண்டும். "எது வரைக்கும்?" என்றார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும்க்கா" என்றேன். பார்சலை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, விருதுநகரில் இருந்துகொண்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் போவது ஊருக்குச் செய்யும் அவமரியாதை என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளிப் போய்க் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பரோட்டா மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். யாரோ ஒரு பெண் எடுத்துக்கொண்டு போனதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நாடு எவ்வளவு கெட்டுப்போய்விட்டது என்று கூடியிருந்தவர்களுக்கு ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். பிறகு வெயிலில் நடந்து, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஆபீசுக்கு வந்தால், மாடிப்படி அடியில் ஸ்கூட்டர் நிற்கிறது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்னுதானலே கேட்ட? அந்தப் பக்கம் மருந்து வாங்கப் போனேன். வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நின்னுச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்."

"சாவி என்கிட்ட இருக்கேக்கா!"

"இன்னொரு சாவி என்கிட்ட இருக்கு. ஒன் பையில இருக்கது இனிமே வெறும் இரும்பு."

இந்தக் கதையை நான் எங்கள் தொழிலைப் பற்றி யாருக்காவது விளக்க நேரும்போதெல்லாம் சொல்கிறேன். சொல்லும்போது ஸ்கூட்டரை இழந்தவன் என் நண்பன் என்று மாற்றிக்கொள்வேன்.

தொழில் என்ன என்றால், நான் அப்போது 'வேகம் பார்க்கிறவன்', அதாவது புரோகிராம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறவன். பெங்களூரில் சில வருடம் அதே வேலையில் இருந்துவிட்டு, மூட்டைப்பூச்சியும் வாடகையும் ஒன்றாகக் கடித்ததில் ஊர்ப்பக்கம் ஓடிவந்தவன். சொந்த ஊர் காரியாபட்டி. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சிவகாசியில் அச்சகம், தாயில்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனி, கடைசியாக இந்த சாப்ட்வேர் ஆபீஸ். அக்காதான் அங்கே பெரியவர். நான் சேர்ந்த அன்றைக்கு எனக்குக் கம்ப்யூட்டரைக் காட்டி, "வேகம் பாக்குறதோட, ஸ்கிரீன்ல வர்றதும் ஒன் பொறுப்பு. ஸ்கிரீன் வரைக்கும்" என்றார். வேறு எந்தக் கோப்பையும் திறக்க எனக்கு அனுமதி இல்லை. பெங்களூரில் எல்லாவற்றுக்கும் சாவி வைத்திருந்த எனக்கு இது மூக்கறுப்பாகவே இருந்தது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பெட்டி. புஸ்வாணக் கூட்டில் வெடிமருந்து நிரப்பும் இயந்திரத்தை ஆட்டிவைக்கும் பெட்டி. மருந்து நிரப்புகிற அறையில் ஆள் இருக்கக்கூடாது என்பதற்காக அண்ணாச்சி வாங்கிப்போட்ட இயந்திரம் அது; போன சீசனில் சாதாரண சிப் போட்ட பழைய பெட்டி ஒன்று அதை ஓட்டியது. தட்டில் வரிசையாகக் கூடுகள் போகும், ஒவ்வொன்றிலும் இவ்வளவு எடை மருந்து என்று விழும், தட்டு தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிடத்துக்குப் போகும். அங்கே பெண்கள் உட்கார்ந்து மூடி ஒட்டி, தாள் சுற்றி, பெட்டியில் அடுக்குவார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சிப்தான் விசேஷம். சாதாரணக் கம்ப்யூட்டரில், மெமரியில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பாயிண்டர் என்பது வெறும் விலாசம். விலாசம் தெரிந்தவன் அந்த வீட்டுக்குப் போகலாம், அப்படியே பக்கத்து வீட்டுக்கும் போகலாம், கேட்பாரில்லை. உலகத்தில் பாதி கம்ப்யூட்டர் திருட்டும் பாதி கோளாறும் இப்படிப் பக்கத்து வீட்டுக்குள் போவதால்தான் நடக்கிறது. இந்தப் புதுவகை சிப்பில் பாயிண்டரோடு அதன் எல்லையும், என்ன செய்யலாம் என்கிற அதிகாரமும் சேர்ந்தே இருக்கும். இதுவரைக்கும் போகலாம், படிக்க மட்டும், எழுதக்கூடாது என்பதுபோல. இதற்குக் கேப்பபிலிட்டி என்று பெயர். அதிகாரத்தைக் குறைத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம், கூட்டிக்கொள்ள முடியாது. எல்லை தாண்டினால் சிப்பே பிடித்து நிறுத்திவிடும். இதை உருவாக்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், ஆனாலும் அக்காவைப் பார்த்துத்தான் உருவாக்கியிருப்பார்கள் என்று ரொம்ப நாள் நம்பினேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. எல்லையையும் அதிகாரத்தையும் சுமப்பதால் ஒவ்வொரு பாயிண்டரும் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். பெரிதானால் சிப்புக்குப் பக்கத்திலுள்ள சின்ன வேக மெமரியில் குறைவாகத்தான் அடங்கும், அடிக்கடி தூரத்து மெமரிக்கு நடக்க வேண்டும். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வேலை மாறும்போதெல்லாம் வாசலில் நின்று அதிகாரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். திருப்பி வாங்கிவிட்ட இடங்களின் பழைய சாவிகள் யாரிடமாவது மிச்சமிருக்கின்றனவா என்று அவ்வப்போது மெமரி முழுக்கத் துழாவிப் பிடுங்க வேண்டும். எல்லாம் நேரம். அந்த நேரம் எவ்வளவு என்று அளந்து சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அளந்தேன். அளப்பதில் எனக்கு இருந்த உற்சாகத்தை என்னவென்று சொல்ல! பாயிண்டரிலிருந்து பாயிண்டருக்குத் தாவுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு புரோகிராமை எழுதி, புது சிப்பில் ஓட்டி, பழைய சிப்பில் வேகம் கூட்டுகிற எல்லா முறுக்கும் ஏற்றி ஓட்டி, வித்தியாசத்தைப் படமாகப் போட்டேன். பழையது குட்டையாகப் பச்சை, புதியது நெட்டையாகச் சிவப்பு. அதை அண்ணாச்சியின் அச்சகத்திலேயே, காலண்டர் அடித்து மிஞ்சிய வழவழத் தாளில், நாலு வர்ணத்தில் அச்சடித்தும் கொண்டுவந்தேன். சாமி படத்துக்குக்கூட அப்படியொரு சிவப்பு வந்திருக்காது.

அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதோட வச்சுப் பாத்த?"

"பழைய சிப்போடக்கா."

"அது சரி. நம்ம பொட்டி என்ன வேலை செய்யுது? எடை பாக்குது, வால்வைத் திறக்குது, மூடுது. நீ எந்த வேலையை ஓட்டிப் பாத்த?"

நான் ஓட்டியது எங்கள் பெட்டி ஜென்மத்துக்கும் செய்யப்போகாத வேலை. கணக்கு மட்டும் போடுகிற புரோகிராமுக்கு விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை, பாயிண்டரிலேயே புரள்கிற புரோகிராமுக்குத்தான் அதிகம் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும், பெரிய எண் கிடைக்கிற இடத்துக்குத்தான் என் கால் போகும். அது ஒரு வியாதி. கெடுதல் என்னவென்றால் படத்தை அண்ணாச்சியும் பார்த்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்ததே நான்தானே.

"இம்புட்டு மெதுவாவா ஓடும்?" என்றார் அண்ணாச்சி.

"இந்தப் படம் அளவுக்கு இல்ல அண்ணாச்சி. ஆனா மெதுவாத்தான் ஓடும்" என்றார் அக்கா. கூட்டியோ குறைத்தோ சொல்ல அவருக்கு வராது. சீசன் முழுக்கத் தாயில்பட்டியில் ஓட்டிப் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் பழைய சிப்புக்கே போய்விடுவோம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். பழைய சிப் விலையும் குறைவு.

அந்தக் கம்பெனியில்தான் அக்காவின் அம்மா வேலை பார்த்தார். மூடி ஒட்டுகிற பெண்களில் ஒருவர்.

சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஆபீசில் சோதனைக்கு வைத்திருந்த நிரப்பும் இயந்திரத்தில் மருந்துக்குப் பதிலாக ரவை போட்டுத்தான் ஓட்டுவோம். ஒருநாள் சோதனை முடிந்து மிஞ்சிய ரவையில் உப்புமா கிண்டலாமே என்றேன். "ரவை எதுக்கு வாங்குனது?" என்றார். "டெஸ்டுக்கு." "அப்ப டெஸ்டுக்குத்தான்." எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நீங்கள் ஏன் எல்லாவற்றுக்கும் இப்படிக் கோடு போடுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அக்கா இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே, காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கப்போ எங்கம்மா வேற கம்பெனிக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு. சீசன் நேரம். நடந்து நடந்து எடுத்தா நேரமாகுதுன்னு மருந்தை எல்லாம் ஒரே ரூமுல கொண்டாந்து வச்சுட்டாக. ஆளையும் கூட ஏத்திட்டாக. அந்த ரூமு போச்சு. எங்கம்மா அடுத்த ரூமுல இருந்துச்சு. அடுத்த ரூமு தள்ளி இருந்துச்சு. அதனால இருக்கு."

நான் உப்புமாவைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

சீசன் தொடங்கியது. பெட்டியைத் தாயில்பட்டியில் மாட்டினோம். ஓடியது. மெதுவாக ஓடியது. மூடி ஒட்டுகிற பெண்களுக்குக் கூலி பீஸ் ரேட்டில். எத்தனை ஒட்டுகிறார்களோ அத்தனைக்குக் காசு. தட்டு தாமதமாக வந்தால் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் கூலி கிடையாது. வேகக் குறைவு என்று நான் வழவழத் தாளில் அச்சடித்த சிவப்புக் கோடு, அங்கே அந்தப் பெண்களின் மடியில் போய் விழுந்துகொண்டிருந்தது. இதை நான் யோசித்ததே இல்லை. மெதுவாக ஓடினால் கம்ப்யூட்டருக்குத்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஒரு மாலை, வேலை முடிந்து திரும்பும் கம்பெனி வேன் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் இறங்கி மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஒட்டியிருந்தது. அவர்தான் அக்காவின் அம்மா என்று முகஜாடையே சொன்னது. அக்கா எழுந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"ஏத்தா, ஒன் பொட்டி என்ன சாமி ஊர்வலமா போகுது? தட்டு எப்ப வரும்னு ஒக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கோம். போன சீசன் இந்நேரம் எம்புட்டு ஒட்டுனோம்! இவளுக எல்லாம் என்னையத்தான் கேக்காளுக. ஒம் மக செஞ்ச பொட்டிதானன்னு."

"பழைய பொட்டி பரவால்லயா இருந்துச்சு" என்றார் இன்னொருவர், சங்கடத்தோடு.

எனக்கு அப்போது ஒரு யோசனை தயாராக இருந்தது. என்னிடம் எப்போதும் ஒரு யோசனை தயாராக இருக்கும், அதுதான் பிரச்சினையே. எடை பார்க்கிற பகுதிக்கும் வால்வைத் திறக்கிற பகுதிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் இருக்கிற வாசல்களை எடுத்துவிட்டு, மூன்றுக்கும் மெமரி முழுவதற்குமான ஒரே பாயிண்டரைக் கொடுத்துவிட்டால் போதும். அதிகாரம் கழற்றி மாட்டுகிற நேரம் அத்தனையும் மிச்சம். சிப் அதே சிப்தான், யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண்களுக்கு முன்னாலேயே ஆங்கிலமும் தமிழும் கலந்து இதைச் சொன்னேன். ஹீரோ ஆகிவிடுவோம் என்று நினைத்தேன்.

"அதாவது எல்லாத்தையும் ஒரே ரூமுல வைக்கச் சொல்ற" என்றார் அக்கா.

"சீசன் முடியிற வரைக்கும்க்கா."

"அவுகளும் சீசன் முடியிற வரைக்கும்னுதான் வச்சாக."

அம்மாவுக்கு நாங்கள் பேசியது முழுதாகப் புரிந்திருக்காது. தம்பி வேகமாக ஓட வழி சொல்கிறது, மகள் மாட்டேன் என்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. "அந்தத் தம்பி சொல்றதைச் செய்யேன்டி" என்றார். அக்கா தலையை ஆட்டினார். "முடியாதும்மா. வேற வழி பாக்கேன். கொஞ்சம் பொறு." எனக்குத் தெரிந்து அக்கா தன் அம்மாவிடம் முடியாது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். வேன் ஹாரன் அடித்தது. அம்மா மகளைப் பார்க்காமல் படியிறங்கினார்.

வேறு வழியை அக்கா பார்த்தார். வாசலை எடுக்கவில்லை. வாசலைத் தாண்டுகிற தடவைகளைக் குறைத்தார். முன்பு ஒவ்வொரு கூட்டின் எடைக்கும் ஒருமுறை ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, ஒரு வரிசைக்கான எடைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே நடையில் கொண்டுபோகும்படி எழுதினார். வால்வை மூடுகிற உரிமை எடை பார்க்கிற பகுதியிடமே இருந்ததால் அதில் ஆபத்தில்லை. பாயிண்டர்களைத் தேவையில்லாத இடங்களில் எடுத்துவிட்டு வெறும் எண்களை வைத்தார். பழைய சாவிகளைத் துழாவுகிற வேலையைத் தட்டு மாறும் இடைவெளிக்குத் தள்ளினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அளந்தேன், இந்தமுறை எங்கள் பெட்டி செய்கிற வேலையையே அளந்தேன். சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வந்தது. பூஜ்யம் ஆகவில்லை. ஆகாது. கொஞ்சம் நேரம் மிச்சம் நின்றது, எதைச் செய்தாலும் அது போகவில்லை.

"இது போகாதுலே. இது விலை" என்றார் அக்கா.

அதை மறைக்கவும் இல்லை. தாயில்பட்டிக்குப் போய் அந்தப் பெண்களிடமே சொன்னார், முன்னைவிட வேகமாக ஓடும், பழைய பெட்டி அளவுக்கு ஓடாது, அதற்கு மேல் என்னால் முடியாது என்று. அம்மா குனிந்து மூடி ஒட்டிக்கொண்டே இருந்தார். வீட்டிலும் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. சாப்பாடு எடுத்துவைப்பாராம், தட்டை நகர்த்துவாராம், வாய் மட்டும் திறக்கமாட்டாராம். எதையும் மேசையைத் தாண்டி எடுத்துச்செல்ல விடாத அக்கா, அந்த நாட்களில் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். என் கை அவருடைய வடையை நோக்கிப் போனால்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. வடை மட்டும் பிடித்திருந்தது.

இந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் பில்லானாலும் காலண்டரானாலும் பட்டாசுப் பெட்டியானாலும் உச்சியில் குலசாமி பெயரைப் போட்டுத் 'துணை' என்று போடாமல் எதுவும் தொடங்காது. பெட்டியின் ஸ்கிரீனில் அதை நான் ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். பூஜைக்கு முதல்நாள் அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "தம்பி, சாமி பேரை இங்கிலீஷ்ல போட்டா நல்லாவா இருக்கு? தமிழ்ல போடுங்க. குலசாமி ரெண்டு பேரையும் போடுங்க." ஸ்கிரீன் என் பொறுப்பு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொரிகடலையை மென்றுகொண்டே மாற்றி அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டரில் ஓர் ஆங்கில எழுத்துக்குத் தேவைப்படுகிற இடத்தைப்போலத் தமிழ் எழுத்துக்குப் பல மடங்கு வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும், மற்றவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய பழைய இடத்திலேயே இரண்டு சாமிகளையும் தமிழில் ஏற்றினேன். பூஜையன்று இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்ததோடு சரி, யாரும் ஓட்டவில்லை.

மறுநாள் காலை இயந்திரத்தைப் போட்டதும் ஸ்கிரீன் அணைந்தது. வால்வு மூடியது. தட்டு நின்றது. போர்மேன் போனில் கத்தினார். நாங்கள் போய்ச் சேர்ந்து, என்னவென்று கண்டுபிடித்து, பழைய எழுத்தைத் திரும்பப் போட்டு ஓட்டுவதற்குள் மதியம் ஆகிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அரை நாள் கூலி போவது என்றால் என்னவென்று அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபீசுக்கு வந்ததும் அக்கா சொன்னார். "இதே புரோகிராமைப் பழைய சிப்புல ஓட்டு. ரவை போடு."

ஓட்டினேன். பழைய சிப்பில் எந்தத் தடங்கலும் இல்லை. ஸ்கிரீன் உச்சியில் இரண்டு குலசாமிகளும் அழகான தமிழில் வந்து நின்றார்கள். தட்டு சுறுசுறுப்பாக நகர்ந்தது. பரவாயில்லையே என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றிவிட்டது. முதல் கூட்டுக்குக் கீழே போனதும் வால்வு திறந்தது. ரவை விழுந்தது. கூடு நிறைந்தது. வால்வு மூடவில்லை. கூடு வழிந்தது, தட்டு வழிந்தது, மேசையில் குவிந்தது, குவியலின் சரிவில் ரவை தரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய சாமி பெயர் தன் இடத்தைத் தாண்டி, பக்கத்தில் இருந்த எடையின் உச்ச அளவை அழித்து அதன்மேல் எழுதியிருந்தது; தாயில்பட்டியில் புது சிப் பிடித்து நிறுத்தியது இதைத்தான். எவ்வளவு விழுந்தாலும் இன்னும் எடை சேரவில்லை என்றே இயந்திரம் நினைத்தது. நான்தான் கடைசியில் ஸ்விட்சை அணைத்தேன். மருந்து அறையில் ஆள் இருக்கமாட்டார்கள்தான். ஆனால் வழிந்து குவிந்த மருந்தில் ஓர் உரசல் போதும்; தட்டு ஏன் வரவில்லை என்று பார்க்க முதலில் அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் அடுத்த கட்டிடத்தில் இருப்பவர்கள்தான்.

அண்ணாச்சியை வரவழைத்துக் காட்டினோம். ரவைக் குவியலைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். "புது சிப்பே இருக்கட்டும்" என்றார். சுவரில் இருந்த என் படத்தைப் போகிற போக்கில் அவரே கழற்றிக்கொண்டு போனார்.

நான் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தேன். "அக்கா, இதை அம்மாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் காட்டிடுவோம். பெட்டி நின்னதாலதான் தப்பிச்சோம்னு தெரியட்டும். ஒங்க மேல இருக்க கோவம் எல்லாம் போயிரும்."

அக்கா ரவையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காட்டுனா நாளைக்கு எப்பிடிலே அங்கன வந்து ஒக்காருவாக? தட்டு வர்றப்பல்லாம் இது நெனப்பு வருமா வராதா? கை ஒதறும். மருந்துல கை ஒதறக்கூடாது. அண்ணாச்சிக்குத் தெரியணும், தெரிஞ்சாச்சு. அவுகளுக்கு வேணாம்."

"அப்ப ஒங்களைத்தானக்கா திட்டுவாங்க."

"திட்டட்டும்."

பிறகு என்ன நினைத்தாரோ, "வா, எங்க வீட்டுக்குப் போவோம். அம்மா இன்னைக்கு வாயைத் திறக்கும். ஒனக்கும் அதுல பங்கு இருக்கு, வந்து வாங்கிக்க" என்றார்.

போனோம். வேன் அப்போதுதான் தெருமுனையில் நின்று பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. அம்மா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தார். அத்தனை நாள் பேசாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நடுத்தெருவில் வந்தது.

"சீசனும் அதுவுமா அரை நாளு ஒக்கார வச்சுட்டியேடி! மெதுவா ஓடுச்சு, சரின்னு பொறுத்தோம். இப்ப ஓடவே மாட்டேங்குது. அவளுக மொகத்துல நான் எப்பிடி முழிக்க? ஒன்னையப் படிக்க வச்சதே தப்பு."

"அம்மா, உண்மையில அந்தப் பெட்டி..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. நீங்களும் ஒரு படிப்புப் படிச்சு, இவகூடச் சேந்து..." என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர், அந்த மூச்சிலேயே, "சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்? மொகம் ரெண்டும் வாடிப் போயி கெடக்கு. உள்ள வாங்க" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சோறு போட்டார், கருவாட்டுக் குழம்பு ஊற்றினார், திட்டினார். கரண்டி குழம்புக்கும் தட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தது, பேச்சு அதைவிட வேகமாக ஓடியது. மணிக்கட்டில் வெள்ளிப்பொடி இன்னும் மின்னியது. நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கவே திரும்பிப் பார்த்தேன். அக்கா சோற்றைப் பிசைந்த கையோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா பதறிப்போனார். "ஏத்தா, என்ன? காரமா இருக்கா? தண்ணி குடி. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், விடு."

"இல்லம்மா" என்றார் அக்கா. "நீ திட்டு. இன்னும் கொஞ்ச நேரம் திட்டு."